வழி சொல்லும் கற்கள்

நுழையும்முன்

சாலையோரக் கற்களைப் பேருந்தின் சன்னல் வழியே பலரும் காண்கின்றனர், சிலரே படிக்கின்றனர். அக்கற்களின் நிறத்திற்கும் எண்ணுக்கும் பொருள் உண்டு. நெடிய வரலாறும் உண்டு. எழுத்தறியாதவரும் வேற்று மொழியாளரும் வழி தவறாது ஊர் சேர்வதற்கு மக்கள் கண்ட முறைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எழுத்து மாறும், எண் மாறாது

நாமக்கல்லில் சரக்கேற்றிய லாரி ஒன்று ஹரியானாவிலுள்ள அம்பாலாவுக்குச் செல்கிறது எனக் கொள்க. ஓசூரைக் கடந்ததும் பெயர்ப்பலகைகளில் கன்னட எழுத்து தோன்றும். அனந்தபுரத்தில் தெலுங்கு எழுத்து. நாக்பூரை நெருங்கும்போது தேவநாகரி. ஓட்டுநர் இவற்றுள் எதனையும் பயிலாதவராக இருக்கலாம். ஆயினும், சாலையோரக் கல்லின் மஞ்சள் தலைப்பகுதியும் 44 என்னும் எண்ணும் அவருக்கு வழி காட்டுகின்றன. படிக்கத் தெரியாதவருக்கும் சாலை வழி சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தில் தோன்றியதன்று.

குழிகள் சொன்ன கணக்கு

அந்த லாரி கடந்து செல்லும் ஊர்களுள் தர்மபுரியும் ஒன்று. அம்மாவட்டத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வழிக்கற்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, அச்சாலையின் பெயர் அதியமான் பெருவழி என்றும், நாவல் தாவளம் என்னும் இடத்திற்கு அங்கிருந்து 29 காதம் என்றும் தெரிவிக்கிறது. பெருவழி என்பது அக்காலத்து நெடுஞ்சாலை. தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். காதம் என்பது பண்டைத் தமிழர் வழங்கிய தொலைவளவு.

கல்லை நட்டவர் எழுத்தோடு நின்றுவிடவில்லை. இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் அக்கல்லில் செதுக்கி வைத்தனர். பெரிய குழி ஒவ்வொன்றும் பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒவ்வொன்றும் ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கர் ஒருவர் குழிகளை எண்ணியே 29 என அறிந்துகொள்ளலாம். இருள் சூழ்ந்த வேளையிலும் விரலால் தடவிப் பார்த்துக் கணக்கிடலாம். கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஒரே கல் பயன்பட்டது.

உயரமே செய்தி

வடநாட்டில் இதே தேவைக்கு வேறொரு விடை காணப்பட்டது. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷெர்ஷா சூரி, வங்காளத்தை வடமேற்குப் பகுதிகளோடு இணைத்த பழைய பெருவழியைச் சீரமைத்தார். வழிநெடுக மரங்களை நட்டுச் சத்திரங்களையும் அமைத்தார். பின்னர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், ஆக்ராவிலிருந்து லாகூர் வரை கோசுக்கு ஒன்றாகத் தூண்கள் எழுப்புமாறு 1619இல் ஆணையிட்டார். ஒரு கோஸ் என்பது சுமார் 3 கிலோமீட்டர்.

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட இத்தூண்கள் கோஸ் மினார் எனப்படுகின்றன. இவற்றின் உயரம் ஏறத்தாழ 30 அடி. வயல்களுக்கும் மரங்களுக்கும் மேலாக உயர்ந்து நின்றதால், நெடுந்தொலைவிலிருந்தே வழிப்போக்கர் அடுத்த தூணைக் கண்டு நடக்க முடிந்தது. கடந்த தூண்களை எண்ணினால் கடந்த தொலைவு விளங்கும், எழுத்தறிவு வேண்டியதில்லை. டெல்லி விலங்குக் காட்சிச்சாலையின் உள்ளே இத்தகைய தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. ஹரியானாவிலும் பல தூண்கள் எஞ்சியுள்ளன.

மைல் போயிற்று, மைல்கல் நின்றது

ஆங்கிலேயர் ஆட்சியில் மைல் என்னும் அளவு பரவியது. மைலுக்கு ஒரு கல் நடப்பட்டதால், தமிழில் ‘கல்’ என்னும் சொல்லே ஓர் அளவுப்பெயர் ஆயிற்று. “சந்தை இங்கிருந்து இரண்டு கல் தொலைவு” எனச் சிற்றூர் முதியோர் கூறுவதுண்டு. விடுதலைக்குப்பின், 1956இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி மெட்ரிக் அளவுகள் நாடெங்கும் வழக்கிற்கு வந்தன. கற்களில் மைலின் இடத்தைக் கிலோமீட்டர் பிடித்தது. ஆயினும் மக்கள் நாவில் ‘மைல்கல்’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

நிறமும் எண்ணும்

இன்றைய கற்களின் கீழ்ப்பகுதி வெண்மையானது. தலைப்பகுதியின் நிறமே சாலையின் வகையைச் சொல்லும். மஞ்சள் எனில் தேசிய நெடுஞ்சாலை. பச்சை எனில் மாநில நெடுஞ்சாலை. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின்கீழ் அமைந்த சாலைகளில் ஆரஞ்சு நிறத்தைக் காணலாம்.

தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 2010இல் இவ்வெண்கள் புதிதாக வகுக்கப்பட்டன. வடக்குத் தெற்காகச் செல்லும் முதன்மைச் சாலைகள் இரட்டைப்படை எண்களைப் பெற்றன. கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்ல அவ்வெண்கள் பெருகும். கிழக்குக் கடற்கரையை ஒட்டிக் கொல்கத்தாவையும் சென்னையையும் இணைக்கும் சாலையின் எண் 16. மேற்குக் கடற்கரையை ஒட்டிய சாலையின் எண் 66. கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைகள் ஒற்றைப்படை எண்களைப் பெற்றன. அவை வடக்கிலிருந்து தெற்கே பெருகும். லடாக்கின் லே நகருக்குச் செல்லும் சாலையின் எண் 1. இராமேசுவரம் வழியே தனுஷ்கோடிக்குச் செல்லும் சாலையின் எண் 87. மூன்று இலக்க எண் கிளைச்சாலையைக் குறிக்கும். சேலத்திலிருந்து கோயம்புத்தூர் வழியே கொச்சிக்குச் செல்லும் 544, 44இன் கிளையாகும்.

இவற்றுள் மிக நீண்டது 44ஆம் எண் சாலை. பழைய நெடுஞ்சாலைகள் ஏழினை முழுமையாகவோ பகுதியாகவோ இணைத்து இஃது உருவாக்கப்பட்டது. ஸ்ரீநகரில் தொடங்கி டெல்லி, ஆக்ரா, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை வழியே சுமார் 3,700 கிலோமீட்டர் கடந்து கன்னியாகுமரியில் முடிகிறது. கோஸ் மினார்கள் நிற்கும் கர்னால் பகுதியும், குழிக்கல் கிடைத்த தர்மபுரிப் பகுதியும் இன்று இந்த ஒரே சாலையால் இணைக்கப்பட்டுள்ளன.

கல்லைப் படித்தவர் உதவலாம்

நெடுஞ்சாலையில் விபத்து நேரும்போது, “எங்கே இருக்கிறீர்கள்?” என்பதே முதலில் கேட்கப்படும் வினா. ஊர் தெரியாத இடத்தில், மொழி புரியாத மாநிலத்தில், அச்சத்தில் இருப்பவர் விடை சொல்ல இயலாது தவிப்பார். அப்போது அருகிலுள்ள கல்லே துணை. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. அவ்வெண்ணை அழைத்து, சாலையின் எண்ணையும் கல்லில் கண்ட ஊர்ப்பெயரையும் கிலோமீட்டரையும் சொன்னால், உதவி விரைந்து வர வழி பிறக்கும். மீட்பு வண்டி வீணே தேடி அலையும் நேரம் குறையும். அந்நேரத்தில் ஓர் உயிர் காக்கப்படலாம்.

பயிற்சி

அ. சொற்பொருள் அறிக.
பெருவழி – நெடுஞ்சாலை
தாவளம் – வணிகர் தங்குமிடம்
வழிப்போக்கர் – பயணம் செய்வோர்
எஞ்சிய – மீதமுள்ள

ஆ. விடை எழுதுக.
1. அதியமான் பெருவழிக் கல்லில் எழுத்துடன் குழிகளும் செதுக்கப்பட்டது ஏன்?
2. இதே முறையில் 34 காதத்தைக் குறிக்க எத்தனை பெரிய குழிகளும் எத்தனை சிறிய குழிகளும் வேண்டும்?
3. ‘கல்’ என்னும் சொல் அளவுப்பெயர் ஆனது எவ்வாறு?
4. ஒரு தேசிய நெடுஞ்சாலையின் எண் 52 எனில், அது எத்திசைகளில் செல்லும்?

இ. செய்து காண்க.
1. நீங்கள் வாழும் ஊரிலிருந்து உங்கள் பெற்றோரின் சொந்த ஊர் வரை செல்லும் சாலைகளை இந்திய வரைபடத்தில் குறித்து, அவற்றின் எண்களை எழுதுக.
2. தாத்தா, பாட்டி ஆகியோர் தம் இளமையில் தொலைவைக் குறிக்க வழங்கிய சொற்களைக் கேட்டறிந்து பட்டியலிடுக.