கைது எண்ணிக்கை எதை அளக்கிறது?

ஐதராபாத் மாநகரின் மாரெட்பள்ளியில் கொலையோ கொள்ளையோ நிகழ்ந்தால், புகார் காவல் நிலையத்தை வந்தடைகிறது. கைது அதனைப் பின்தொடர்கிறது. (வீட்டினுள் நிகழும் வன்முறை புகாராகாமலே மறைவதும் உண்டு.) சூதாட்டம், குடிபோதையில் வண்டியோட்டுதல் போன்றவற்றின் நிலை வேறு. காவலர் ரோந்து செல்லும் இடத்திலேயே அவை வெளிப்படுகின்றன. தெருவோரத்தில் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம் கணக்கில் ஏறுகிறது. மதில் சூழ்ந்த மாளிகையில் நடப்பது எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆகவே வன்செயல் கைதுகள் ஓரளவு குற்றத்தையும், ஏனையவை பெரும்பாலும் காவலரின் நடமாட்டத்தையுமே காட்டுகின்றன எனலாம்.

இவ்விரண்டையும் கூட்டி ஒரு பகுதி மக்களைக் குற்றவாளிகளெனக் கருதுவது தவறு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்கள் மீதே இட்ட முத்திரை, அச்சட்டம் 1952இல் நீக்கப்படும் வரை நீடித்தது.

1977இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம், கைதுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை எனத் தன் மூன்றாம் அறிக்கையில் குறிப்பிட்டது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்யலாகாது என 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையோ பெருநகர அளவிலேயே எண்களைத் தருகிறது. ஐதராபாத்தின் ஒரே எண்ணுக்குள் மாரெட்பள்ளியும் பழைய நகரமும் கரைந்துவிடுகின்றன. புகாரின்மீது நிகழ்ந்த கைது எது, ரோந்தில் நிகழ்ந்த கைது எது என நிலையவாரியாகப் பிரித்துப் பதிந்தால்தான் இரு பகுதிகளை ஒப்பிட இயலும்.