சிறு தொழிலின் இணையதளம்: எதை எழுதுவது, எப்படி எழுதுவது

சிறு தொழிலின் இணையதளத்துக்கு வருபவர் பெரும்பாலும் ஏதோ ஒரு கேள்வியோடுதான் வருகிறார். பொருள் இங்கே கிடைக்குமா, என்ன விலை, கடை எங்கே, இன்று திறந்திருக்குமா என்பவையே அந்தக் கேள்விகள். முகப்பின் முதல் சில வரிகளில் இவற்றுக்கு விடை இருக்க வேண்டும். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வரி இவற்றில் எதற்கும் விடை ஆகாது.

இணையத்தில் மக்கள் வரி வரியாகப் படிப்பதில்லை. ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தனர். 16 சதவீதம் பேர் மட்டுமே சொல் சொல்லாகப் படித்தனர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலா பற்றிய ஒரே செய்தியை அவர்கள் ஐந்து விதமாக எழுதிச் சோதித்தார்கள். விளம்பர நடையோடு ஒப்பிட, சொற்களைப் பாதியாகக் குறைத்த வடிவம் 58 சதவீதம் கூடுதலாகப் பயன்பட்டது. புகழ்ச்சியை மட்டும் நீக்கியதற்கே 27 சதவீதம் பலன் கிடைத்தது. சுருக்கம், துணைத் தலைப்புகள், நடுநிலை நடை மூன்றும் சேர்ந்தபோது பலன் 124 சதவீதம்.

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ‘அதிநவீனத் தொழில்நுட்பத்தில் உருவான ஒப்பற்ற தயாரிப்பு’ என்பதை எந்தப் பட்டறையும் எழுதிவிடலாம். ‘2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்குப் போதும், பெல்ட்டும் உதிரி பாகங்களும் எங்களிடமே கிடைக்கும்’ என்பது வாங்குபவரின் கவலையைத் தீர்க்கிறது. விலையை ஜிஎஸ்டி சேர்த்தும், அனுப்பும் கூலியைத் தனியாகவும் சொல்வது நல்லது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைப் பயன்படுத்தும் உரிமை பெற்ற பட்டறை அதைத் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் விலைக்கும் அளவுக்கும் பிறகு. என்ன எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு அனுபவத்தில் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு: போனில் வாடிக்கையாளர்கள் கேட்பதை ஒரு வாரம் நோட்டில் அவர்கள் சொற்களிலேயே குறித்துவைப்பது. அடிக்கடி வரும் கேள்விகளே பக்கத்தின் துணைத் தலைப்புகளாகிவிடும்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியலைத் தளத்தில் அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். பட்டியலைப் படமாகப் போட்டால் தேடுபொறியில் அகப்படுவது கடினம்; பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் அது எட்டாது. யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்யும் உழைப்பு வீண் போகாது.

வண்ணம், நகரும் படங்கள் முதலியவை கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டியவை. தொட்டால் அழைப்பு போகும் தொலைபேசி எண்ணும், மொபைல் டேட்டாவில் சட்டென்று திறக்கும் பக்கமும் அவற்றைவிட முக்கியம். தளத்திலேயே பொருள் விற்பவர்கள், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, முகவரி, திருப்பி அனுப்பும் முறை, குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவற்றையும் தர வேண்டும்.

தளத்தின் டொமைன் பெயர் வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரில் இல்லாமல் கடைக்காரர் பெயரிலேயே பதிவாக வேண்டும். புதுப்பிக்கும் தேதியும் கடவுச்சொல்லும் அவர் கையில் இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் மாறினாலும் தளம் அவரோடு போய்விடாது.