பேர், நட்சத்திரம்

அன்பு மகளுக்கு,

'ஓய்வு நேரத்துக் கம்பளி' என்ற உன் கட்டுரையை மூன்று முறை வாசித்தேன். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஊசி பிடிக்கவும் தெரிந்திருக்கிறது. அதனால் என்னை உறுத்தியதற்கு நேராகவே வருகிறேன்.

முதலில் அந்தக் குல்லாய். ராணுவ வீரர்களுக்கென்று காவி, வெள்ளை, பச்சை என மூன்று வண்ணத்தில் பின்னியதாக எழுதியிருக்கிறாய், படமும் போட்டிருக்கிறாய். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பனியில் காவல் நிற்கும் பிள்ளை அதைத் தலையில் போட முடியுமா? வெள்ளைப் பரப்பில் காவி நிறம் எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று ஒரு நிமிடம் நினைத்தாயா? நூலும் அக்ரிலிக் மாதிரி மினுங்குகிறது. ஒரு இழையைக் கொளுத்திப் பார். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகிவிடும். தீப்பொறி பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும் நூலை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்கிறவன் தலையில் போடலாமா? அந்தக் குல்லாய் உன் மனசுக்காகப் பின்னியது. அவன் தலைக்காகப் பின்னியதில்லை.

இரண்டாவது, 'எல்லைச்சாமி'. வீரர்களை ஐந்து இடத்தில் அப்படி எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன். மேடையிலும் சினிமாவிலும் கேட்டுக் கேட்டு நம் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்ட சொல் அது. உன் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுக்க எனக்கு உரிமை உண்டென்றால் அதைத்தான் எடுப்பேன். ஊர் எல்லையில் இருக்கிற அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிறோம். அவருக்குக் குளிராது, கால் கொப்பளிக்காது, வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை என்று தவிப்பு இருக்காது. ஒருவனைச் சாமி என்று சொல்லிவிட்டால் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டலாம். உனக்கு என்ன வேண்டும் என்று அவனைக் கேட்க வேண்டியதில்லை.

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் சோனம் முகாம் மேல் பனிச்சரிவு விழுந்ததே, நினைவிருக்கிறதா? புதைந்த பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனில் இருந்தவர்கள். அந்த ரெஜிமெண்டின் பயிற்சி மையம் எங்கள் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. புது முடிவெட்டோடு, டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறும் பிள்ளைகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்தப் பனிமலையில் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்கள்தான் அதிகம். செய்தி வந்த அன்று இங்கே யாரும் எல்லைச்சாமி என்று சொல்லவில்லை. எந்த ஊர்ப் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் விசாரித்தார்கள்.

நான் பின்னத் தொடங்கியது 1962-இல், சீனப் போரின்போது. எனக்குப் பன்னிரண்டு வயது. பருத்திச் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக நம் ஆட்கள் இமயமலையில் நிற்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா ஒரு ஜோடி தோட்டைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தாள். பள்ளியில் எங்களுக்குக் காக்கிக் கம்பளியும் ஊசியும் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் மஃப்ளர் பின்னினார்கள். எனக்குக் கொஞ்சம் வேகம் என்று காலுறை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் ஆறு ஜோடி முடித்தேன். ஒன்றை மட்டும் எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமாவுக்கென்று எடுத்து வைத்தேன். அவர் மெட்ராஸ் சாப்பர் படையில் இருந்தார்.

அடுத்த வருஷம் லீவில் வந்தவரிடம் பெருமையாக நீட்டினேன். மாமா சிரித்தபடி வாங்கி, காலுறையை உள்புறம் வெளியே வரத் திருப்பினார். விரல் நுனியில் நான் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்த இடத்தில் கயிறு மாதிரி ஒரு தடிப்பு இருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நகர்த்தினார். "பாப்பா, இதைப் போட்டுக்கிட்டு ராத்திரி பகலா நடந்தா இந்த இடம் கொப்பளிக்கும். கொப்புளம் உடைஞ்சு ஈரமாகும். அங்க ஈரக் கால்னா விரல் போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு அதைப் போட்டுக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போனார், என் முகம் வாடியிருந்ததால்.

மற்ற ஐந்து ஜோடியும் எங்கே போயின, யார் காலில் ஏறின என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கூசுகிறது.

அந்தத் தடிப்பு இல்லாமல் மூட ஒரு வழி உண்டு. பிறகுதான் எங்கள் ஆங்கிலோ இந்திய டீச்சர் சொல்லிக் கொடுத்தார். கடைசிக் கண்ணிகளை இரண்டு ஊசியில் பாதிப் பாதியாக நிறுத்தி, மொட்டை ஊசியில் நூல் கோத்து, இந்தப் பக்கம் ஒரு கண்ணி அந்தப் பக்கம் ஒரு கண்ணி என்று நுழைத்துக்கொண்டே போக வேண்டும். நூல் போகிற வழியே ஒரு புது வரிசையாகிவிடும். விரலால் தடவினால் எங்கே மூடினோம் என்று தெரியாது. அதற்குக் கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் பெயர்தான் அது. பின்னுகிறவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு தளபதியின் பெயர் காலுறை நுனியில் நிற்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். உன் கட்டுரை முழுக்கக் கொடி பறக்கிறது, கண்ணீர் வழிகிறது. யாராவது ஒருவருடைய காலோ தலையோ எங்கேயாவது வருகிறதா என்று தேடினேன். அளவு எடுத்தாயா? கேட்டாயா? எதுவுமே இல்லை.

வழிபாட்டைப் பற்றி நீ எழுதிய பத்தியிலும் இதே குறைதான். 'அனைத்து வீரர்களுக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்' என்கிறாய். உன் நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் கும்பிடுகிறவள்தான். 1971 டிசம்பரில் போர் மூண்டபோது அம்மா தந்தி மாரியம்மன் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு போனாள். நானும் கூடப் போனேன். பூசாரி வழக்கம்போல "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். அம்மா மாமாவின் பேரைச் சொன்னாள். நட்சத்திரம் தெரியவில்லை. "சாமி பேருக்கே பண்ணிடலாம்மா" என்றார் பூசாரி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் குளிரில் மலையேறித் திரும்பிப் போனாள். மாமாவின் தாயார் வாசலில் உட்கார்ந்து ஒரு இன்லண்ட் லெட்டரைக் கையில் வைத்திருந்தார்களாம். அனுப்பியவர் விலாசத்தில் ஊர்ப்பேரே கிடையாது. நம்பர், பேர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். பிள்ளை எந்த மலையில் இருக்கிறான், எந்த ஆற்றங்கரையில் இருக்கிறான் என்று பெற்றவளுக்கே தெரியாது. அம்மா அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அனுஷம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் நடை சாத்தும் நேரமாகிவிட்டது. பூசாரி காத்திருந்தார்.

இனி நீ எழுதியதிலேயே சிறந்த இடத்துக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், நான்கே வரி. நவம்பர் மாதத்தில் ஆயுள் சான்றிதழுக்காக ஒரு முன்னாள் ராணுவ வீரரின் மனைவியை அழைத்துப் போனாய். நாற்பது வருஷம் தேயிலை கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. கருவி ஏற்கவில்லை. இரண்டாம் முறையும் ஏற்கவில்லை. நீ அந்தப் பாட்டியின் கையை உன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடேற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி வைத்தாய். பச்சை விளக்கு எரிந்தது. "நான் உயிரோடதான் இருக்கேன்னு ஒத்துக்கிச்சா?" என்று பாட்டி கேட்டார்.

அம்மாடி, இதை எழுதிய கையைப் பிடித்து நான் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஐம்பது வருஷமாக எழுதுகிறேன், இப்படி நான்கு வரி எனக்கு வாய்த்ததில்லை. இதை எழுதிய நீயே அடுத்த வரியில் பாட்டியை விட்டுவிட்டுச் சல்யூட் அடிக்க ஓடிவிட்டாயே, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பாட்டி திரும்பி வரும்போது பஸ்ஸில் என்ன பேசினார்? கணவர் எந்த வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தார்? டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியலில் காசு போடுகிற நமக்கெல்லாம், அந்தக் காசு போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குள் அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரியாது. நீ அந்த வீட்டுக்குள் போய் வந்திருக்கிறாய். மறுபடி போ. கட்டுரையை அங்கிருந்து எழுது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். காக்கி நிறத்தில் நல்ல கம்பளிக் காலுறை, ஒன்றுதான். விரல் நுனியை மூடாமல், இரண்டு ஊசியிலும் பன்னிரண்டு பன்னிரண்டு கண்ணியாக நிறுத்தியிருக்கிறேன். மொட்டை ஊசியும் உள்ளே இருக்கிறது. எனக்கு இப்போது கண் புரை, நூல் நுழையும் இடம் தெரியவில்லை. நீ மூடி அனுப்பு. உள்புறம் திருப்பி, கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
குன்னூர் அத்தை