மிளகும் பீரங்கியும்

கேள்வி: குட்டி நாடான போர்ச்சுகல் கடல் கடந்து நிலம் பிடித்தது. பெரிய சீனா ஏன் பிடிக்கவில்லை?

பதில்: சீனாவும் வந்ததே! 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைவரை போயின. இலங்கையின் காலியில் கிடைத்த அவருடைய கல்வெட்டில் தமிழும் உண்டு. ஆனால் சீன அரசு கேட்டது மரியாதையும் திறையும்தான். கஜானாவை உள்நாட்டு நிலவரி நிரப்பியது. வடக்கே மங்கோலியரைச் சமாளிப்பதே பெரும்பாடு.

போர்ச்சுகலுக்கு அந்த வசதி ஏது? தரைவழியை அண்டை நாடான காஸ்டில் அடைத்து நின்றது. மிளகு வணிகமோ எகிப்து, வெனிஸ் கைகளில். மிஞ்சியது அட்லாண்டிக். 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் சரக்குக்கு அங்கே மதிப்பே இல்லை. பீரங்கிக்கு இருந்தது. மதம் பரப்பும் ஆசை உண்மைதான். ஆனாலும் மிளகே முதல் காரணம் என்பேன். அடுத்து 1510-ல் கோவா, 1511-ல் மலாக்கா என வணிகத் துறைமுகங்களாகப் பார்த்துத்தான் பிடித்தார்கள்.