பச்சையாக இருந்தால் போதுமா?

ராஜஸ்தான் மாநிலத்தில் அல்வார் மாவட்டம் உள்ளது. அங்கே சரிஸ்கா என்று ஒரு காடு. அது புலிகள் காப்பகம்.

2004-ஆம் ஆண்டுக் கணக்கு ஏட்டில் அங்கே புலிகள் இருந்தன. 2005-இல் காடு முழுவதும் தேடினார்கள். ஒரு புலிகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் கொன்றுவிட்டார்கள்.

மரம் இருந்தது. மான் இருந்தது. புலி மட்டும் இல்லை. இது ஏன் முன்பே தெரியவில்லை?

அப்போது காலடித் தடத்தைப் பார்த்தே புலிகளை எண்ணினார்கள். ஒரே புலியை இரண்டு என்று எண்ணிவிடலாம். கணக்கு தவறினால் காவலும் தவறும்.

2006 முதல் முறை மாறியது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் கணக்கு எடுக்கிறார்கள். புலியோடு சேர்த்துக் காட்டையும் அளக்கிறார்கள்.

காட்டை எப்படி அளப்பது?

குடிபோகும் முன் நாம் வீட்டைப் பார்ப்போம் அல்லவா? தண்ணீர் உண்டா? கடை பக்கமா? தொல்லை இல்லையா? புலிக்கும் அப்படித்தான். ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான் வேண்டும். மானுக்குப் புல் வேண்டும். இரண்டுக்கும் தண்ணீரும் மறைவிடமும் வேண்டும்.

வனக்காவலர் காலையில் 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் நடக்கிறார். கண்ட மான், பன்றிகளை எண்ணுகிறார். 400 மீட்டருக்கு ஒருமுறை நிற்கிறார். என்ன மரம்? புதர் எவ்வளவு? மான் புழுக்கை உண்டா? மரம் வெட்டிய அடையாளம் உண்டா? மாடு மேய்ந்ததா? எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்.

மரங்களில் தானியங்கிக் கேமராக்களும் கட்டுகிறார்கள். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. நம் கைரேகை போல.

இந்தக் கணக்கால் என்ன பயன்? மான் குறைந்த இடம் தெரியும். அங்கே காவலைக் கூட்டலாம். மேய்ச்சல் மிகுந்த இடம் தெரியும். ஊர் மக்களோடு பேசி வழி காணலாம்.

2008-இல் ரந்தம்பூர் காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் சரிஸ்காவுக்குப் புலி வந்தது. 2012-இல் அங்கே குட்டிகளைக் கண்டார்கள்.

நாட்டில் 2006-இல் சுமார் 1,411 புலிகள். 2022-இல் சுமார் 3,682.

காட்டைத் துப்பாக்கி மட்டும் காப்பதில்லை. உண்மையாக எழுதிய கணக்கும் காக்கிறது.

விடை எழுதுங்கள்

1. சரிஸ்காவில் புலிகள் அழிந்தது ஏன் முன்பே தெரியவில்லை?
2. வனக்காவலர் எவற்றைக் குறித்துக்கொள்கிறார்?
3. உங்கள் ஊர் ஏரிக்கு என்னென்ன பறவைகள் வருகின்றன? மாதம் ஒருமுறை எண்ணி எழுதுங்கள்.