சைனஸ் ஆபரேஷனுக்குப் பின் ஸ்டீராய்டு: இளம் மருத்துவர்களுக்கு ஆறு அறிவுரைகள்

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, ஆபரேஷனைக் கற்றுக்கொள்ள எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் மூக்குச் சதை திரும்ப வளருமா வளராதா என்பது பெரும்பாலும் அதற்குப் பின் வரும் மாதங்களில்தான் முடிவாகிறது.

1. ஆபரேஷன் வழியைத் திறந்துவிடும், அழற்சியை வேரறுக்காது. சவ்வின் வீக்கத்தை அடக்கி வைப்பது ஸ்டீராய்டு. இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால், ‘சரியாகச் செய்யவில்லையோ’ என்று நோயாளி சந்தேகப்படுவார்.

2. முதலில் கழுவல், அப்புறம் மருந்து. பொருக்கின் மேல் அடித்த ஸ்பிரே சவ்வைத் தொடாது. உப்புநீரைக் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கலக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள்.

3. ஸ்பிரே அடிப்பதைச் செய்து காட்டுங்கள். தலை சற்றுக் குனிந்திருக்கட்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் புண்ணாகி ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். அடுத்த முறை வரும்போது உங்கள் எதிரிலேயே அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

4. சதை அதிகம் இருந்தவர்களுக்கு ஸ்பிரே போதாமல் போகலாம். நெபுலைசருக்கு வரும் பியூடசோனைடு மருந்தை 240 மில்லி உப்புநீரில் கலந்து கழுவச் சொல்வது வழக்கம். ஆபரேஷனில் சைனஸ் அறைகள் திறந்திருப்பதால் அது உள்ளே போய்ச் சேரும். மூக்கைக் கழுவுவதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து அல்ல இது. நோயாளியிடம் அதைச் சொல்லிவிட்டே கொடுங்கள்.

5. பிரட்னிசோலோன் மாத்திரையைச் சில நாட்களுக்கு மட்டும் எழுதுங்கள். எழுதும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், வயிற்றுப்புண், காசநோய் எல்லாவற்றையும் விசாரியுங்கள். முடிக்கும் தேதியைச் சீட்டில் போடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டால் கண்புரை வரும், எலும்பு தேயும், இடுப்பு மூட்டே கெட்டுப்போகலாம். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தக் கூடாது; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

6. சர்க்கரை நோயாளிக்குக் கன்னம் மரத்துப்போனால், முகம் வலித்தால், கண் வீங்கினால், மூக்கில் கறுப்புப் பொருக்குத் தெரிந்தால் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள். உடனே திசுவை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பூஞ்சை ஒவ்வாமையால் வரும் சைனஸுக்கு ஸ்டீராய்டு மருந்து. கருப்புப் பூஞ்சைக்கோ அதுவே தீனி. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021 கோவிட் அலையில் நம் வார்டுகள் பார்த்தன.

ஸ்டீராய்டு என்றாலே பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் பலர். அவர்களைத் திட்டாதீர்கள். மொமடசோன், புளூட்டிகசோன் ஸ்பிரேக்கள் ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம் என்று பொறுமையாக விளக்குங்கள். மூக்கு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னாலும், எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். அடைப்பை அவர்கள் உணரும் முன்பே சதை துளிர்த்திருக்கும்.