கைப்பேசி வாங்குவோர் பாட்டரியைக் கவனித்தல்

அயோத்தியாப்பட்டணம் பகுதியில் குடியானவர்களும் கிராம அலுவலர்களும் இக்காலத்தில் ஸ்மார்ட்போனையும் ஒரு விவசாயக் கருவியாகவே கையாளுகின்றனர். 2018-ஆம் ஆண்டு தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியால் வானிலையும் சந்தை விலையும் வயலிலிருந்தே அறியலாகும். ஆயினும் பிற்பகலிலேயே பாட்டரி தீர்ந்துவிடுமாயின் இவ்வசதிகளால் பயன் யாது?

கடைக்காரர் கூறும் 5000 மில்லி ஆம்பியர் மணி என்பது பாட்டரியின் கொள்ளளவேயன்றி அது உழைக்கும் நேரமன்று. தொட்டி பெரிதாயினும் மடை அகலமாயின் நீர் விரைவில் வற்றுமன்றோ? அப்பாட்டரியில் அடங்கும் மின்சக்தி சுமார் 19 வாட் மணி. போன் 2 வாட் செலவிட்டால் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் உழைக்கும். வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து 3 வாட் செலவானால் ஆறு மணி நேரமே நிற்கும். குப்பனூர்ப் பக்கம் மலை மறைக்கும் இடங்களில் சிக்னல் குன்றினால் செலவு இன்னும் கூடும்.

ஆகவே நாள் முழுதும் புலத்தில் நின்று படமெடுத்துப் பதிவு செய்வோர், பகட்டான திரையையும் கூடுதல் காமிராக்களையும் விடுத்து, நீடித்த பாட்டரியை முதலாவதாகக் கொள்க. வீட்டருகே சார்ஜ் செய்ய வசதியுள்ளோர் அப்பணத்தை நினைவகத்திற்குச் செலவிடுதல் நலம். பாட்டரி பெரிதென்று நினைவகம் மிகக் குறைந்த போனை வாங்குதல் எவர்க்கும் தகாது. சில ஆண்டுகளில் புதிய செயலிகள் அதில் ஓடத் திணறும்.

லித்தியம் பாட்டரிக்கு வெப்பமே பெரும்பகை. பம்புசெட் மேடையில் வெயில்படப் போனை வைத்தலைத் தவிர்த்தால் அதன் ஆயுள் நீளும்.